கிளட்ச்சில் மஞ்சள் ஆயில்

ஹலோ... ஹலோ, சொல்லு... இரு, இரு, இங்க கம்ப்ரஸர் ஓடுது, ஒண்ணும் கேக்கல. மச்சான், அதைக் கொஞ்சம் நிறுத்து! உன் தங்கச்சிதான் பேசறா... ம், இப்ப சொல்லு. ஹெல்மெட் மைக்லயா பேசற? ஒரே காத்தா இருக்கு.

...கிளட்ச்சா? என்ன பண்ணுது?... பிடிச்சா புஸ்ஸுன்னு உள்ள போயிடுதா?... ஆமா... ஆமா... கைப்பிடியில போய் ஒட்டுதா? நேத்துதானே பழைய ஆயிலை எல்லாம் எடுத்துட்டுப் புதுசு ஊத்துனோம்!... கத்தல. நான் எங்க கத்துனேன்? என் குரலே அப்படித்தான்.

எங்க நிக்கற?... மலை உச்சியிலயா? கிழிஞ்சுது... பாப்பா எங்க?... வண்டிக்கு முன்னாடி நிக்க விடாத. தள்ளி நிக்கச் சொல்லு. ஏன்னா வண்டி கியர்ல கிடக்கும். கிளட்ச்சைப் பிடிச்சிருக்கோம்ல, என்ன ஆயிடப் போகுதுன்னு நீ ஸ்டார்ட் பட்டனை அமுக்குவ. லீவர்தான் உள்ள போயிருக்கும், உள்ள கிளட்ச் விட்டிருக்காது. வண்டி ஒரே பாய்ச்சலாப் பாஞ்சிடும்... பயமுறுத்தல, நடக்கறதைச் சொல்றேன்... நீச்சல் போட்டி கிடக்கட்டும். லேட்டானா லேட்டு. பாப்பாட்ட நான் சொல்லிக்கறேன்.

சரி, நான் சொல்றதைச் செய். ஹேண்டிலை நேரா வை. லீவரை மெதுவா பிடி, விடு, பிடி, விடு. உள்ள காத்து ஏறியிருந்தா கொஞ்சம் கொஞ்சமா இறுகும்... இறுகலையா?... இன்னும் பண்ணு... சுத்தமா இல்லையா?

இஞ்சின் பக்கம் குனிஞ்சு பாரு. இடது பக்கம், கிளட்ச் ட்யூப் போய் முடியற இடம். ஈரமா இருக்கா?... இல்லையா? அப்ப ஒழுகல... லீவர் பக்கத்துல குட்டி டப்பா இருக்குல்ல, அதுல கண்ணாடி மாதிரி ஒரு வட்டம்... ஆமா, அதேதான். உள்ள ஆயில் தெரியுதா?... நிறைய இருக்கா? அப்புறம் ஏன்... என்ன கலர்?

...என்ன கலர்னு சொன்ன?

மஞ்சளா? நல்லாப் பாரு, நீலம் இல்ல?... வெயில்ல அப்படித் தெரியுதோ என்னவோ. கையை வச்சு மறைச்சுப் பாரு... மஞ்சள்தானா.

இரு. லைன்லயே இரு. மச்சான்! டேய் மச்சான்! இவ வண்டி கிளட்ச்ல என்னத்தடா ஊத்துன? மஞ்சளா இருக்குங்கறா! அது பிரேக் ஆயில்டா! உள்ள இருக்கற ரப்பர் எல்லாம் ஊறி உப்பிப் போயிருக்கும்!... ஹலோ, உன்னைச் சொல்லல, உங்கண்ணனைச் சொல்றேன். இந்த வண்டிக் கிளட்ச்சுக்கு நீல ஆயில்தான் ஆகும், மஞ்சள் பிரேக்குக்கு... தெரியாமலா ஊத்துனான், தொழில்காரன். எப்படி மாறுச்சுன்னுதான் கேட்டுக்கிட்டிருக்கேன். சொல்லித் தொலையேன்டா!

...என்னது? நீ பாட்டுக்கு எதையாவது முடிவு பண்ணாத. இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்லயே உருட்டிட்டு இறங்கறியா?... ஆமா, பெட்ரோல் பங்க் வரைக்கும் இறக்கம்தான், தெரியும். ஆனா கொஞ்சம் பொறு, இவன் ஏதோ சொல்ல வர்றான்...

என்னடா? மெதுவாச் சொல்லு... வண்டி வாசலைப் பார்த்து நின்னுச்சா?... ஆமா, நேத்து பின்பக்கமாத்தான் உள்ள தள்ளுனோம். அதுக்கென்ன?... முன்னாடி ஸ்டூலைப் போட்டு உக்காந்தியா... டேய். டேய், நாம ஆயில் டப்பாவுல பேரே எழுதறதில்லையேடா. இடது கைப் பக்கம் வச்சிருக்கற டப்பா கிளட்ச்சுக்கு, வலது கைப் பக்கம் வச்சிருக்கறது பிரேக்குக்குன்னு குருட்டுப் பழக்கத்துல ஊத்திக்கிட்டே வர்றோம். நீ எதிர்ல உக்காந்தா உன் இடது கை வண்டிக்கு வலது கைடா! கலர் கூடவா பாக்கல?... கரண்ட் இல்லையா... ஐயோ கடவுளே.

அப்ப அந்த நீல ஆயில் எங்க போச்சு?

ஹலோ! ஹலோ, அங்க என்ன சத்தம்? கிளம்பிட்டியா? பாப்பாவையும் ஏத்திட்டியா? நிறுத்து! வண்டியை நிறுத்து!... வலது கைப் பக்கமும் அதே மாதிரி பிரேக் ஆயில் டப்பா இருக்கும், அதோட கண்ணாடி வட்டத்தைப் பாரு, ஒரு தடவை பாரு... நீலமா?

...கைப் பிரேக்கைப் பிடிச்சுப் பாரு... அதுவும் புஸ்ஸுன்னு போகுதா?... ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்ல, அதான் உனக்குத் தெரியல. சரி. சரி, பயப்படாத. நான் இருக்கேன். கால் பிரேக் தனி, அதுல அவன் கை வைக்கல. மிதி... பிடிக்குதுல்ல? மிதிச்சே வச்சிருக்காத, விட்டு விட்டு மிதி. சூடேறிச்சுன்னா அதுவும் கையை விரிச்சிடும்... பாப்பாவை உன் இடுப்பைக் கட்டிக்கச் சொல்லு. இறுக்கி.

வேகம் ஏறுதா?... ஏறும், நியூட்ரல்லதானே இருக்க. கேளு, சாவியை ஆன் பண்ணாத. காலால கியரை மேல ஒரு தட்டுத் தட்டு. ரெண்டாவது கியர் விழும்... கிளட்ச் வேண்டாம். கிளட்ச்தான் செத்துப் போச்சே. அது விடாதுங்கறதாலதான் இப்ப இஞ்சின் உன் சக்கரத்தைப் பிடிச்சு இழுக்கும். குலுக்கும், அலறும், விட்டுடாத... தட்டு... தட்டிட்டியா?... ஹலோ?

ஹலோ? சத்தம் மட்டும் கேக்குது. பேசு. ஏதாவது பேசு... பாப்பா கத்தறாளா? கத்தட்டும், கத்தட்டும், கத்துனா நல்லா இருக்கான்னு அர்த்தம்... வேகம் குறைஞ்சுதா?... குறையுதா! அப்பா! அப்படியே மலைப் பக்கமா ஒதுங்கு. பள்ளத்துப் பக்கம் போகாத... மண்ணு தெரியுதா? மண்ணுல இறக்கு. கால் பிரேக்கை மிதி... மிதி...

...

நின்னுடுச்சா?... நிஜமா நின்னுடுச்சா?... சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்குடு. அப்புறம் பாப்பாகிட்ட கொடு... ஹெல்மெட்டைக் கழட்டி அவ காதுல வையேன்... தங்கம்! அப்பாதான்டா... ஆமா... ஆமா, கண்ணு... முட்டியில சிராய்ப்பா? ரத்தம் வருதா?... லேசாத்தானே... அப்பா அழல. இல்லடா. சரி, கொஞ்சம் அழறேன். அம்மாட்ட கொடு.

...நான் இந்தா கிளம்பிட்டேன். வேன் சாவி எடுத்தாச்சு. நீ அசையாத... உங்கண்ணனா? தரையில உக்காந்துட்டான். தலையைத் தூக்கவே மாட்டேங்கறான். திட்டறதுக்கு எனக்கும் தெம்பு இல்ல... மச்சான், எந்திரிடா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. பாப்பாவும் நல்லா இருக்கா. எந்திரி... என்ன?

...என்ன சொன்ன?

...அது எப்ப? உனக்கு அறிவிருக்கா, இவ்ளோ நேரம் வாயில என்ன வச்சிருந்த?

இல்ல... உன்கிட்ட இல்லம்மா. நேத்து இன்னொரு வண்டியும் அப்படித்தான் நின்னுச்சாம். கூரியர்காரரோடது. அதே மாதிரி வண்டி. நான் சாப்பிடப் போன நேரத்துல இவனே ஊத்திக் கொடுத்து அனுப்பிட்டான்... ஆமா, அந்த மலை வழியாத்தான் அவரும் தினம் போறார்... அவருக்குத்தான் போன் போட்டுக்கிட்டிருக்கான்... ரிங் போகுதாம்... எடுக்கல. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார், நல்ல மனுஷன், எடுக்க மாட்டார்... பாப்பாவைக் கைப்பிடிச்சுக்கிட்டு ஓரமா நில்லு. மேலேர்ந்து வந்தார்னா கையை ஆட்டு. ரோட்டுல மட்டும் இறங்கிடாத, அவரால நிறுத்த முடியாது... அவர் சம்சாரத்துக்கு நான் போட்டுப் பாக்கறேன்... வைம்மா. வச்சிடு. லைன் வேணும் எனக்கு... வை!