வரப்பு வரைக்கும் கேட்ட பாட்டு

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, வூட்டுல பாட்டு போட்டது ஒரு குத்தமா? பெட்டி கால்ல இடிக்குதா? கொஞ்சம் அப்படி ஒடுக்கி உக்காருங்க. ஆம்ப்ளிபயரு சார். பஸ்ஸு குலுக்குற குலுக்கல்ல உள்ள ஏதாச்சும் கழண்டுக்கிச்சுன்னா என் பொழப்பே போச்சு. அதான் மடியிலயே வச்சிருக்கேன்.

எம் பேரு துரைராசு. நமக்கு வடுவூர் பக்கம். இப்ப காட்டுப்பள்ளிக்குப் போறேன், மச்சினன் வூட்டுக்கு. அங்கதான் இருக்கா என் வீட்டுக்காரி, ஈஸ்வரி. கோவிச்சுக்கிட்டெல்லாம் போகல... சரி, கோவிச்சுக்கிட்டுத்தான் போனா.

போன தையில அறுப்பு முடிஞ்ச கையோட ஒரு ஆம்ப்ளிபயரு வாங்குனேன் சார். இது இல்ல, அது வேற. அது யானை! ரெண்டு பாக்ஸு, ஆள் ஒசரம். ஏன் அவ்வளோ பெருசுன்னு கேக்குறீங்க, அதானே? கேக்கலியா? சொல்றேன். எனக்குப் பாட்டு வயல்ல கேக்கணும். வூட்டுல போட்டுட்டுப் போனா வாய்க்காலத் தாண்டி நான் மடையத் தொறந்து வுடுற எடம் வரைக்கும் வரணும். வந்துச்சு சார்! தண்ணி பாயுது, காத்துல பாட்டு மெதந்து மெதந்து வருது... அடடா! தேன் மாதிரி!

இவ என்னடான்னா வூட்டுக்குள்ள இருந்துக்கிட்டு சத்தம் சத்தம்ங்குறா. பரண்ல இருந்த அலுமினியச் சட்டி தானா எறங்கி வந்துச்சாம். மாடு பால எறக்கலயாம். மாட்டுக்கு என்ன சார் தெரியும்? என்கிட்ட ஜாடையிலயே பேச ஆரம்பிச்சுட்டா. சோறு வேணுமான்னா கை, மோர் வேணுமான்னா கை... நான் பாட்டக் கொறைக்கல, ஜாடையக் கத்துக்கிட்டேன்.

அப்புறம் ஒரு நாளு... கொல்லையில வழுக்கி வுழுந்துட்டா. கூப்புட்டிருக்கா. கத்திக் கூப்புட்டிருக்கா சார். பாட்டுல யாருக்குக் கேக்கும்? நான் வரப்புல நின்னு தலையாட்டிக்கிட்டு இருக்கேன். வந்து பாத்தா, தானா எந்திரிச்சு உக்காந்து கால நீவிக்கிட்டு இருக்கா. சுளுக்குதான், எலும்புக்கு ஒன்னும் இல்ல. ஒரு வார்த்த திட்டல சார். திட்டியிருந்தா சமாளிச்சிருப்பேன். கால் சரியானதும் பைய எடுத்துக்கிட்டு கெளம்பிட்டா.

ஒடனே அந்த யானைய திருவிழாவுக்கு மைக்செட்டு போடுறவன்கிட்ட தள்ளி வுட்டுட்டு, இன்னிக்கு தஞ்சாவூர் வந்தேன். கடையில ஒரு பொண்ணு. கழுத்துல அட்டை தொங்குது, ஹம்சத்வனின்னு. பேரப் பாருங்க! அது கேக்குது, "வீட்ல என்ன மாதிரி பாட்டு கேப்பீங்க, ஐயா?"ன்னு. எனக்கா, குத்துப்பாட்டும்மான்னேன். "உங்க வீட்டம்மாவுக்கு?"ன்னுச்சு.

கல்யாணமாகி பேரப்புள்ள எடுத்தாச்சு. அவளுக்கு என்ன பாட்டு புடிக்கும்னு எனக்குத் தெரியல! நான் போட்டா அவ கேப்பா, அவ்வளோதானே? அங்கயே நின்னு போன் போட்டேன். எதுக்குக் கேக்குறேன்னு ரெண்டு தடவ கேட்டா. அப்புறம் சொல்றா, "நாயனம் புடிக்கும். பக்கத்துல வேணாம். சாமி பொறப்பாடு அடுத்த தெருவுல வரும்ல, அந்த மாதிரி."

தூரத்துல கேக்குற மாதிரி வேணும்னா எதுக்கும்மா ஆம்ப்ளிபயரு, நாலு வூடு தள்ளி ரேடியோவ வச்சாப் போதாதான்னு நான் அந்தப் பொண்ணுகிட்ட எகிறுனேன். அது சிரிச்சுக்கிட்டே இந்தச் சின்னப் பெட்டியில ஒரு நாயனத்தப் போட்டு, கொறைச்சு, கொறைச்சு, இன்னும் கொறைச்சு... "சின்னதா வச்சாலும் உள்ள எதுவும் காணாமப் போகக் கூடாது, ஐயா. உங்க வீட்டுக்கு இதான்"னுச்சு. காதப் பெட்டியிலயே ஒட்டி வச்சுக் கேட்டா, நாயனக்காரரு மூச்சு இழுக்குறது கேக்குது சார்! அப்பத்தான் தோணுச்சு. நானும் தூரத்துல நின்னுதானே தேனு தேனுன்னு கேட்டேன்? அவள ஸ்பீக்கருக்குள்ளயே குடிவச்சுட்டு...

இருங்க, போனு. அவதான்.

"ம்... ஏறிட்டேன்... மடியிலதான் இருக்கு... என்னது? நானா?... சரி... சரி, வைக்கிறேன்."

என்ன சொல்றா தெரியுமா? அவ தம்பி வூட்டுலயே மாட்டி நாயனத்தப் போடணுமாம். நான் போயி தெருமுனையில நிக்கணுமாம். எனக்குக் கேக்கலன்னாத்தான் வூட்டுக்கு வருவாளாம்! அதுல ஒரு சிக்கல் சார். அந்த யானையோட பழகி என் காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு, எனக்கு எப்படியும் கேக்காது. அது அவளுக்கும் தெரியும். நான் சொன்னா நம்ப மாட்டா. உங்கள மாதிரி நல்ல காது உள்ளவங்க ஒரு அஞ்சு நிமிஷம் எங்கூட வந்து தெருமுனையில நின்னு... காப்பி குடிச்சுட்டுப் போலாம்...

எங்க எந்திரிக்கிறீங்க? சார்! இன்னும் பூதலூரே வரலயே! காட்டுப்பள்ளிக்குத்தானே டிக்கெட்டு எடுத்தீங்க?

கண்டக்டர் சார், அவரு எறங்கிட்டாரு, நீங்க விசில் குடுங்க. ஆமா... உங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்ல?