சியாலேவுக்கு நான் வைக்காத பெயர்

என் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற கவலையில், வழக்கத்தைவிட வேகமாக விசிறிக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், போதகர் பெனிசிமானி அவர்களே! முன்வரிசைப் பாய்களை நிறைத்திருக்கும் வவாவுத் தீவின் பெரியவர்களே! விடியுமுன் எழுந்து குழி தோண்டி மண் அடுப்பு மூட்டி, சேம்பிலைப் பொதிகளை அதில் அடுக்கி மூடி, கண்ணெரிச்சல் இன்னும் தீராமல் வந்திருக்கும் தாய்மார்களே! பன்றியைத் தணலில் திருப்பித் திருப்பித் தோள் நொந்த இளைஞர்களே! எல்லாருக்கும் மேலாக, இன்று ஒரு வயது நிறைந்து, எனக்கு வரவேண்டிய கேக்கின் மேலடுக்கில் ஏற்கெனவே கை வைத்துவிட்ட என் மருமகளே! அனைவரையும் வணங்குகிறேன்.

நான் கலோலைனே. குழந்தையின் தகப்பன் உவைசேலேவுக்கு மூத்த அக்காள். தலைநகரில் கணக்கு வாத்தியார். மேடையைவிடக் கரும்பலகை எனக்குச் சௌகரியம். ஏனென்றால், தப்பாக எழுதியதை அங்கே அழித்துவிடலாம்.

நம் ஊரில் உயர்ந்த பாய் யாருக்கு? அத்தைக்கு. கேக்கின் மேலடுக்கு யாருக்கு? அத்தைக்கு. பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டும் உரிமை யாருக்கு? அத்தைக்கு, அதிலும் மூத்த அத்தைக்கு. அப்படியிருக்க, இந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தது யார்? என் தங்கை ஃபூசி.

அங்கே இருமியவர் யார்? இருமுங்கள். ஓராண்டாக நீங்கள் இருமிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்த அன்று தம்பி மனைவி டோகிலுபே எனக்குத் தொலைபேசினாள். தம்பி நேரே பேசமாட்டான். அக்காளிடம் அவனுக்கு உள்ள மரியாதை அப்படி. என் எதிரே உட்காரக்கூட மாட்டான். இப்போதும் பாருங்கள், மகளின் விழாவில், கூடத்துக்கு வெளியே சீமைப்பலா மரத்தடியில் நிற்கிறான்.

"அக்கா, உங்க தம்பி கேக்கச் சொன்னாரு. புள்ளைக்கு என்ன பேருன்னு நீங்கதான் சொல்லணும்."

என்னிடம் பெயர் இருந்தது. ஹெய்லாலா. மலர்களில் தலைமை மலர். இருபது ஆண்டுகளாக அதை மனத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். பிள்ளை பெறாதவள் நான். ஒரு பெயரையாவது பெற்று வளர்த்தேன். கேட்டதும் கொடுத்திருக்கலாம் அல்லவா? ஆனால் பல்கலைக்கழகத்தில் இதே வழக்கத்தைக் கேலி செய்து நாற்பது பக்கம் எழுதியவள், முதல் அழைப்பிலேயே கை நீட்டலாமா? கொஞ்சம் பெருந்தன்மை காட்டினேன்.

"இந்தக் காலத்துல யார் பேரு வச்சா என்ன, டோகிலுபே. நீங்களே பாத்து வச்சுக்குங்க."

இரண்டாவது முறை கேட்பார்கள் என்று காத்திருந்தேன். மூன்று நாள் காத்திருந்தேன். குளிக்கப் போனாலும் தொலைபேசியைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுப் போனேன். யாரும் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பார்கள்? அக்காள் சொன்ன சொல்லைத் தம்பி திருப்பிக் கேட்பது நம்மில் உண்டா? "அக்கா சொல்லிட்டாங்க. அதுக்கு மேல கேள்வி இல்ல" என்று சொல்லிவிட்டான். அடுத்த அத்தை யார்? ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில், வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த ஃபூசி. அவள் இருபது ஆண்டு யோசித்தாளா? பழத்தை விழுங்கும் நேரம்கூட யோசிக்கவில்லை. "சியாலேன்னு வைங்க" என்றாள். அவள் வீட்டு வேலியோரம் பூக்கிற வெள்ளைப் பூ! ஆடு மேய்ந்தது போக மீதி பூக்கிற பூ!

பொறாமையா என்று கேட்கிறீர்களா? ஆம், பொறாமைதான். சிறுவயதில் அவளுக்கு நீளக் கூந்தல் வந்தது, பொறுத்தேன். ஐந்து பிள்ளைகள் வந்தார்கள், பொறுத்தேன். எனக்கென்று இருந்தது ஒரு பெயர். அந்த இடத்திலும் அவள் பூ பூத்தது. ஓராண்டாக அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. "குழந்தை", "பாப்பா", "உங்க மகள்" என்றே சமாளித்தேன்.

இன்று எதற்காக வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். மூத்த அத்தை சபையில் பெயரை மாற்றினால் மாற்றியதுதான், எதிர்ப்பேச்சு கிடையாது. ஹெய்லாலா என்று எழுதிய தாள் இதோ, என் கையில். டோகிலுபே இரவெல்லாம் தூங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஃபூசி நேற்று முழுவதும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஆனால் நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் அல்ல. இன்று காலை, எல்லாரும் அடுப்படியில் இருந்தபோது, பாயில் தவழ்ந்த குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லக் கூப்பிட்டேன். ஹெய்லாலா. திரும்பவில்லை. பத்து முறை கூப்பிட்டேன். என் மருமகள் ஒரு கரண்டியைத் தரையில் தட்டுவதில் மூழ்கியிருந்தாள்.

அப்போது ஃபூசி வந்தாள். வாசலில் நின்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். குழந்தை கரண்டியை எறிந்துவிட்டுத் தவழ்ந்து ஓடியது. என் நெஞ்சு எரிந்தது. போதகர் மன்னிக்க வேண்டும், நான் நினைத்ததை இங்கே சொல்ல முடியாது.

ஃபூசி குழந்தையைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ கூப்புடுக்கா. வருவா" என்றாள்.

"நான் கூப்புட்டு வரலையே."

"அவ பேரச் சொல்லிக் கூப்புடு."

ஓராண்டாகத் தொண்டையில் நின்ற சொல் அது. முள்ளைத் துப்புவதுபோல் துப்பினேன். சியாலே.

தாய்மார்களே, அவள் திரும்பினாள்! கூப்பிட்டது யார் என்று பார்த்தாள். பார்த்து, புதிதாகக் கிடைத்த கரண்டியைப்போல் என்னைப் பிடிக்க வந்தாள். இருபது ஆண்டு நான் வளர்த்த பெயர் ஒரு முறையாவது என்னைத் திரும்பிப் பார்த்ததா? என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றதா?

ஆகவே இந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைக்கிறேன். ஹெய்லாலா என்னோடு இருக்கட்டும். அவள் எனக்குப் பழகியவள்.

பொறாமை தீர்ந்ததா? தீரவில்லை. ஃபூசி, உயர்ந்த பாய் எனக்குத்தான். கேக்கின் மேலடுக்கும், அதில் பதிந்த ஐந்து விரல்களும் எனக்குத்தான். அவற்றில் ஒரு துண்டும் உனக்குக் கிடையாது.

யாராவது எழுந்து மரத்தடிக்குப் போய் என் தம்பியிடம் சொல்லுங்கள்: மூத்த அத்தை பெயர் சொல்லிவிட்டாள். ஒரு முறை சொன்னால் அவன் மறுமுறை கேட்கமாட்டான். ஆகையால் இம்முறை நானே இருமுறை சொல்கிறேன்.

சியாலே. சியாலே.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் இருமியவர்களுக்கும் என் நன்றி. அடுப்பைத் திறக்கும் நேரமாயிற்று, வாருங்கள், சாப்பிடலாம். வணக்கம்.