மேற்கோள் காட்டப்படும் கால்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், பக்கத்து வரிசையில் இருந்த உப்பளத் தொழிலாளி ஒருவர், ஆறாத புண்ணுள்ள காலை என் முழங்கால் வரைக்கும் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த தன் தம்பியிடம் சொன்னார்: "என்ட புண்ண வெளிநாட்டுலயெல்லாம் மேற்கோள் காட்டுறாங்களாம், தம்பி."

பத்திரிகை படிப்பதாக நடித்துக்கொண்டிருந்த நான் பக்கம் திருப்ப மறந்துபோனேன்.

அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் அந்தத் தம்பி, அண்ணனை 'நானா' என்று மரியாதையாக அழைத்தாலும், மசியவில்லை. "ஒங்கட கால ஆராய்ச்சி செஞ்ச டொக்டர் பேராசிரியராகிட்டார். கட்டுரையில அவரோட சேந்து ஒரு பஸ் ஆக்கள்ட பேர் ஈக்கிது. ஒராளாவது மருந்து தந்தாரா, நானா?"

"மருந்து வேற பிரிவாம்."

"ஒங்கட பேரயாவது போட்டாங்களா?"

"போடக்கூடாதாம். அது என்ட மரியாதைக்காம்."

"இன்னும் மருந்து கட்டாம ஈந்தா கால எடுக்க வேண்டி வரும் எண்டு புண்ணுக்கு மருந்து கட்டுற மிஸ்ஸி சொன்னது மறந்திட்டா?"

"அடுத்த மாசம் ரெண்டாவது கட்டுரைக்குப் படம் எடுக்க வாறார். அதுக்குள்ள ஆறிட்டா, பாவம், அந்த மனிசன் என்னத்த எழுதுற?"

ஆஸ்பத்திரி நெருங்கியது. தம்பி எழுந்தார், நானா எழவில்லை. கடைசியில் தம்பி போனை எடுத்துக் குனிந்து, புண்ணை நாலு பக்கமும் படம் பிடித்தார்.

"டொக்டருக்கு அனுப்பிட்டன். இனி ஆறினாலும் அவருக்கு நட்டமில்ல."

நானா நிம்மதியாக நொண்டிக்கொண்டு இறங்கினார்.

அந்தப் படங்களின் ஓரத்தில் என் முழங்காலும் விழுந்திருக்கும். இத்தனை வருடம் எழுதியும் எனக்குக் கிடைக்காத வெளிநாட்டு வாசகர்கள் அதற்குக் கிடைக்கப்போகிறார்கள்.