இடது முன்சக்கரத்துச் சத்தம் யாருடையது

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்தக் காவல் நிலையத்தின் மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை கிரீச்சிடுகிறது, அதற்கு எண்ணெய் விட்டுப் பல காலம் ஆகிறது. நான் இப்படி முதல் வரி எழுதியதும் எழுத்தர் ஐயா எட்டிப் பார்த்து, "பேரு, வயசு, விலாசம் முதல்ல எழுதுடா, ஃபேனை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்லியிருப்பதால் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

என் பெயர் பள்ளிச் சான்றிதழில் வேறு, கூப்பிடுவது வாலு. ஒட்ட நறுக்கப் பலர் முயன்றார்கள், முடியவில்லை. வயது பதினேழு. பேருந்துப் பணிமனைக்குப் பின் தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறவர். அக்காவைக் கட்டிய அத்தான் அதே தெரு முனையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். அப்பாவின் காரைச் சரியாகப் பார்க்காமல் விட்டார் என்று அத்தானை நேற்று முன்தினத்திலிருந்து இங்கே வைத்திருக்கிறார்கள். அது பற்றித்தான் இந்த வாக்குமூலம். எனக்குப் பதினெட்டு ஆகாததால் அக்கா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதச் சொல்லி என்னை யாரும் மிரட்டவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, அப்பா குளிக்கப் போன நேரத்தில், காரின் இடது முன்சக்கரத்து மூடியைக் கழற்றி உள்ளே மூன்று நட்டுகளைப் போட்டு மூடினேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி மெதுவாக உருண்டால் நட்டுகள் விழுந்து விழுந்து கடகடக்கும், வேகமெடுத்தால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஊமையாகிவிடும். எப்பேர்ப்பட்ட ஆளும் குழம்பிப்போவார். அப்பா நான்கு நாள் குழம்பினார். அதன் பிறகு வண்டியை அத்தானிடம் கொண்டுபோனார், அவர் அரை நாள் அடியில் படுத்து, நன்றாக இருந்த ரப்பர் புஷ்களைக் கழற்றி வேறு புஷ்களைப் போட்டு, அப்படியும் சத்தம் நிற்காமல் கடைசியில் மூடியைத் திறந்தார். திறந்ததும் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டு, "வண்டில ஒண்ணும் கழலல, உன் தம்பிக்குத்தான் நட்டு கழண்டிருக்கு" என்றார். தண்டனையாக ஞாயிறுதோறும் நான் கார் கழுவவேண்டும் என்று அப்பா சொன்னார். ஆனால் பின்சீட்டில் ஏறியவர்களிடமெல்லாம் இந்தக் கதையை அவரே சொல்லிச் சிரித்தார். ஒரு முறை முன்சீட்டில் இருந்து நானே காதால் கேட்டேன்.

அதன் பிறகு தெருவில் எந்த வண்டி முனகினாலும் என் பெயர் அடிபட்டது. நானும் இல்லையென்று சொல்லவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் அப்பாவின் கார் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது பக்கம் டொக்கென்று சத்தம் வரத் தொடங்கியது. "டேய், மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று அப்பா கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அதன் பிறகு போன சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பா வண்டியை ஷெட்டில் விட்டார், நானும் என் நண்பர்கள் மூவரும் அங்கே இருந்தோம். அத்தான் மூடியைக் கழற்றிப் பார்த்தார், உள்ளே ஒன்றும் இல்லை.

"என்ன மச்சான், இந்தத் தடவை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"வச்ச இடத்துலயே மறுபடியும் வைக்க நான் என்ன கத்துக்குட்டியா அத்தான்? கண்டுபிடிங்க பாப்போம்."

நண்பர்கள் விசிலடித்தார்கள். அத்தான் ஜாக்கியை எடுத்து வந்தார். அதற்குள் அப்பாவுக்குச் சவாரி வந்துவிட்டது, "விடுங்க மாப்ள, வச்சவனே எடுப்பான்" என்றார். அத்தான் என் முகத்தைப் பார்த்து, "நிஜமாவே உன் வேலைதானே? ஜாக்கி போடணுமா, வேணாமா?" என்று கேட்டார். என் வேலைதான் என்றேன். அவர் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு, சர்வீஸ் நோட்டில் 'வண்டியின் முன்பக்கம் பார்த்தாயிற்று, குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஞாயிறு கார் கழுவும்போது அந்தச் சக்கரத்தின் பின்பக்கம் கைவிட்டுத் தேய்த்தேன். நான்கு மாதத்துக்கு முன் போட்ட டயர், வெளி ஓரத்தில் புது ரப்பரின் முடிகள்கூட உதிரவில்லை, உள் ஓரம் மட்டும், சக்கரம் சாய்ந்தே ஓடியது போல, வழுக்கையாக இருந்தது, ஒரு இடத்தில் கம்பி வெளியே வந்து விரலைக் குத்தியது. ரத்தத்தைக் கார் துடைக்கும் துணியில் துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சவாரியை இறக்கிவிட்டு அப்பா தனியாகத் திரும்பும்போது, பாலத்து வளைவில் அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட் கழன்று, சக்கரம் உள்பக்கம் மடங்கி, கார் சுவரில் மோதியது. மூன்று நாளாக அப்பா கண் திறக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள், ஒரு கால் செருப்புதான் கிடைத்தது. அத்தான் இங்கே கொடுத்த வாக்குமூலத்தில், "வண்டியைப் பார்த்தது நான்தான், கையெழுத்தும் என்னுடையதுதான்" என்று மட்டும் சொன்னாராம். என் பேச்சையே எடுக்கவில்லையாம். இன்று காலை நான் உள்ளே வந்தபோது கம்பிக்குப் பின்னாலிருந்து, "சாப்ட்டியாடா?" என்று கேட்டார்.

இதுவரை எழுதியதைப் படித்தால் என் குறும்பால் இது நடந்தது என்று தோன்றும். அந்தக் குறும்புக்கும் எனக்குத் துப்பில்லை. இரண்டாவது தடவை நான் எதையும் வைக்கவில்லை. நட்டு என்றால் சக்கரம் மெதுவாக உருளும்போதெல்லாம் கடகடக்கும். இது வேகத்தடையில் மட்டும் வந்தது. அது வண்டியின் சொந்தச் சத்தம் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். எல்லோரும் என் வேலை என்றார்கள், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு நன்றாக இருந்தது. அத்தான் கேட்டபோது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜாக்கி ஏறியிருக்கும். அவர் வண்டியைப் பார்க்காமல் விடவில்லை, என்னை நம்பி விட்டார்.

மேலே உள்ளதை என் கைப்பட எழுதி இரண்டு முறை படித்துப் பார்த்தேன், இதில் ஒரு வரிகூட விளையாட்டுக்கு எழுதியதில்லை. கூட இருந்தவள் என்ற முறையில் அக்காவும் கையெழுத்துப் போடவேண்டுமாம். முதல் தாளைப் படித்துக்கொண்டிருக்கிறாள், ஓர் இடத்தில் லேசாகச் சிரித்தது போலிருந்தது. இந்தத் தாளை இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை.

(ஒப்பம்)
வாலு