ஒன்பது மாடி, லிஃப்ட் இல்லை

உங்களைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது, ஐயா. பெண் குரலில் மெதுவாகப் போகிற பாப் ஆல்பம்தான் உங்களுக்குச் சரிப்படும். முறைக்காதீர்கள். பதினாறு வருடமாக இசைத்தட்டுக் கடையில் நிற்கிறவன் நான். ஆள் உள்ளே வந்து குடையை எங்கே வைக்கிறார் என்று பார்த்தே அவருக்கு எதை எடுத்து நீட்டலாம் என்று சொல்லிவிடுவேன். நீங்கள் தொப்பியைக் கழற்றி மேசை ஓரத்துக்கு நேராக வைத்தீர்கள். அந்த மாதிரி ஆட்களுக்கு உள்ளே நிறைய அழுகை கிடக்கும். மூலையில் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு எலெக்ட்ரானிக் இசை. காலைப் பாருங்கள், இப்போதே தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மச்சினனைப் பற்றித்தானே கேட்டீர்கள்.

அவன் என் மனைவியின் தம்பி. கடையில் எல்லோரும் அவனைப் பாதி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஆல்பத்தையும் பாதிக்கு மேல் கேட்டதில்லை என்பதால் வந்த பெயர். வைத்தது நான்தான். கடையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். தம்பி வீட்டில் சும்மா கிடக்கிறான், ஏதாவது பாருங்கள் என்று மனைவி மூன்று மாதம் என் உயிரை எடுத்தாள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு, வெயிலில் அலைகிற வேலை ஆகாது. சரி, நிழலில் நின்று பாட்டுக் கேட்கட்டும் என்று அழைத்து வந்தேன். என் கையாலேயே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் தாங்கள் கேட்டுப் பிடித்த ஆல்பத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை எழுதி ஒட்டுவோம். நான்கே வரி, கையெழுத்தில், எழுதியவர் பெயரோடு. பாதிக் கூட்டம் வருவதே அந்த அட்டைகளைப் படிக்கத்தான். முதலாளியம்மாவின் சட்டங்கள் இரண்டு. முழுதாகக் கேட்காமல் அட்டை எழுதக் கூடாது. தன் சொந்த ஆல்பத்துக்குத் தானே அட்டை எழுதக் கூடாது.

நான் ஓர் ஆல்பத்தை மூன்று தரம் கேட்ட பிறகுதான் பேனாவை எடுப்பேன். எந்த வருடம், எந்தக் கருவி, இதற்கு முந்தைய ஆல்பத்திலிருந்து எங்கே விலகுகிறார்கள், எல்லாம் இருக்கும். நான்கு வரிக்குள் அடங்காது. அட்டையின் பின்பக்கமும் எழுதுவேன். ஒட்டிய அட்டையின் பின்பக்கத்தை யார் படிப்பார்கள் என்று கேட்கிறீர்கள். யாரும் படிக்கவில்லை.

பாதி என்ன எழுதுவான் தெரியுமா? கிதாரை அழவைக்கிற ஓர் ஆல்டர்னேட்டிவ் ராக் குழு. அதன் பாடகர் ஏழு வருடம் வாய் திறக்காமல் இருந்து கொண்டுவந்த ஆல்பம். அதற்கு இவன் எழுதியது: 'காதலி விட்டுட்டுப் போன அன்னைக்கே இதைக் கேக்காதீங்க. ஒரு வாரம் பொறுங்க. அதுக்குள்ள அவங்க திரும்பி வந்துட்டா ஆல்பத்தைக் கொண்டுவாங்க, நான் வாங்கிக்கிறேன்.' இரண்டே நாளில் அத்தனையும் காலி. இன்னொன்று, இருபது நிமிடத்துக்கு ஒரே பீட் ஓடுகிற எலெக்ட்ரானிக் ஆல்பம். தியானம் மாதிரி இருக்கும். இவன் எழுதுகிறான்: 'பாத்திரம் கழுவும்போது போட்டேன். பாத்திரம் தீந்துபோச்சு, பாட்டு தீரல. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தையும் வாங்கிக் கழுவிட்டேன்.'

ஜனங்கள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். முழுதாகக் கேட்க வேண்டும் என்ற சட்டத்தை இவன் விஷயத்தில் முதலாளியம்மாவே மறந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாத்திரமா, ஐயா?

இப்போது என் ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கோஜமாகத்தான் இருக்கிறது. அதன் பெயர் 'ஒன்பது மாடி, லிஃப்ட் இல்லை.' ஆறு வருடம், வீட்டின் பின்னறையில், தனியாக உட்கார்ந்து செய்தது. ஒன்பது பாட்டு. ஒவ்வொன்றும் ஒரு மாடி. நான் குடியிருக்கிற கட்டடத்தின் படிகளில் ஏறுகிறவர்களின் காலடி, மூச்சு, கதவு தட்டும் சத்தம், எல்லாவற்றையும் பதிவு செய்து சிந்தசைசரோடு பின்னியிருக்கிறேன். மொத்தம் எழுபத்தொரு நிமிடம். 'படுத்துக்கொண்டு கேட்கவும்' என்று உறையிலேயே அச்சடித்தேன். ஐம்பது பிரதி போட்டேன். கடையில் நாற்பத்தொன்பது இருந்தது. ஒன்று பாதிக்குச் சும்மா கொடுத்தது.

அவன் எழுதுகிற அட்டை ஆல்பத்தை விற்றுவிடும். அது எனக்குத் தெரியும், முதலாளியம்மாவுக்கும் தெரியும். கடை முகப்பிலுள்ள கண்ணாடிப் பெட்டியில் மாதம் ஓர் ஆல்பம் வைப்பார்கள். அதற்கு எதை வைப்பது என்று அவன் வந்த வருடத்திலிருந்து பாதியைத்தான் கேட்டார்கள். பதினாறு வருடம் நின்ற என்னை இல்லை. ஆக, என் ஆல்பத்தை நாலு பேர் கேட்க ஒரே வழி, பாதி அதைக் கேட்டு நான்கு வரி எழுதுவது. அவ்வளவு சின்ன உதவி. கொடுத்துப் பதினொரு மாதம் ஆயிற்று. ஒரு பேச்சும் இல்லை.

போன மாதம் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே முதலாளியம்மா அவனிடம் கேட்டார்: "உங்க அத்தான் ஆல்பத்தக் கேட்டியாப்பா?"

"மூணு மாடி ஏறிட்டேம்மா," என்றான். "மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காந்துட்டு ஏறறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவளும் சிரித்துவிட்டு, "அவன் விளையாட்டுக்குச் சொல்றான், நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கோபம் என்று சொல்ல முடியாது. அவனை ஒரே ஒரு தரம், முதல் பாட்டிலிருந்து ஒன்பதாவது பாட்டு வரை, நடுவில் எழுந்து போகாமல் கேட்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் நல்லதுக்குத்தான். பாதி பாதி என்று எத்தனை நாள் பெயர் வாங்கிக்கொண்டிருப்பான்?

கடையின் பின்பக்கம் கேட்கும் அறை ஒன்று உண்டு. முன்பு சாமான் போடுகிற அறையாக இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, தடித்த கதவு போட்டு மாற்றினார்கள். வெளித் தாழ்ப்பாள் மட்டும் பழையதே இருந்துவிட்டது. அந்த அறைக்கும் ஒரு சட்டம் உண்டு. உள்ளே ஆல்பம் ஓடும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. எத்தனை அவசரம் என்றாலும் பாட்டு முடியட்டும். ஒலி சரியில்லை என்றால் உள்ளே இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தலாம், எங்கள் மேசையில் சிவப்பு விளக்கு எரியும்.

அன்று திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. முதலாளியம்மா பல் பிடுங்கப் போயிருந்தார். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். நான் அவனிடம் சொன்னேன், இன்றைக்கு என் ஆல்பத்தை முழுதாகக் கேட்டுவிடு, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

அவன் முகம் மலர்ந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். "சரி அத்தான். நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். கேட்டு முடிச்சுட்டு வந்து சொல்றேன்," என்றான். உள்ளே புழுக்கமாக இருக்கும் என்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனான்.

அவன் போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன். எழுந்து வந்துவிடுவான் என்று தெரியும். அந்த அறையின் ஏசியை வெளியிலிருந்தே நிறுத்தினேன், ஐந்தாவது பாட்டில் ரொம்ப மெல்லிய ஓர் இடம் வருகிறது, அந்த இரைச்சலில் அடிபட்டுப் போகும். நாற்காலியில் கோட்டு தொங்குவது கடைக்கு அழகாக இல்லை, எடுத்துப் பின்னறையில் மாட்டினேன். பையில் இன்ஹேலர் இருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. ஆமாம், தட்டுப்பட்டது. அதை எடுத்துப் பார்க்கவில்லை. அடுத்தவர் பையில் கை விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மூன்றாவது பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. அப்புறம் அணையவே இல்லை. கண்ணை உறுத்தியது. ஓர் ஆல்பத்தை எடுத்து அதன் முன்னால் நிறுத்தி வைத்தேன்.

அப்போதுதான் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், எப்போதாவது வருவார். சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்கே தம்பி?" என்றார்.

"பாட்டுதாங்க அது," என்றேன். பொய்யில்லை. மூன்றாவது பாட்டில் கதவு தட்டுகிற சத்தம் வருகிறது.

கதவருகே போய்க் காதைக் கொடுத்துக் கேட்டார். "நல்லா இருக்கே. ஒரு மாதிரி மனசப் பிசையுது. யார் போட்டது?"

பதினாறு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை, ஐயா. நான்தான் என்றேன். அவர் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார், கையெழுத்தும் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். ஆக, இப்போது நாற்பத்தெட்டு இருக்கிறது.

அவர் போனபின் தட்டும் சத்தம் இல்லை. கதவில் ஒரு வட்டக் கண்ணாடி உண்டு, எட்டிப் பார்த்தேன். கீழே படுத்திருந்தான். நல்லது, உறையில் இருப்பதைப் படித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எழுபத்தொரு நிமிடம் முடிந்ததும் கதவைத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட முன்னால் இல்லை, சட்டம் சட்டம்தான்.

ஐந்தாவது பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். மருத்துவர்களுக்கு எதையும் பாதியில் முடிக்கத்தான் தெரியும். எழுதுகிறவர் கொஞ்சம் நிறுத்தி நிதானமாக எழுதட்டும், நானே சொல்கிறேன். தாழ்போட்டது நான். காற்றை நிறுத்தியது நான். மருந்து இருந்த கோட்டை நகர்த்தியது, விளக்கை மறைத்தது, எல்லாம் நான். மூச்சு முட்டும் என்று தெரியுமா என்றால், தெரியும். அவனுக்குத் தூசியும் புழுக்கமும் ஆகாது, மருந்தை மறந்துவிட்டால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள் என்று மனைவி தினம் காலையில் வாசலில் நின்று எனக்குத்தான் சொல்லி அனுப்புவாள். அவள் நேற்று இந்த ஸ்டேஷன் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிவிட்டாள் என்றார்கள். ஒரே தம்பி. வருத்தமாகத்தான் இருக்கும்.

என்ன அது, அட்டையா? அவன் கோட்டுப் பையிலா இருந்தது?

"மருந்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு," என்கிறீர்கள். "அத எடுக்கக் கைய விட்டிருந்தா இதுவும் சேந்து வந்திருக்கும்."

கையில் விலங்கு இருக்கிறது, நீங்களே படியுங்கள். அவன் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும்.

'இது எங்க அத்தான் போட்டது, அவர் பேசறத விட இதுல நல்லாப் பேசறார். இழுப்பு இருக்கிற நானே ஆறு மாடி ஏறிட்டேன், மூணுதான் பாக்கி, உங்களுக்கென்ன கேடு? அஞ்சாவது மாடியில கொஞ்சம் உக்காருங்க, அழுகை வந்தா வரட்டும். இந்த மாசம் கண்ணாடிப் பெட்டிக்கு இதுதான்.'

இன்னொரு தரம் படியுங்கள், ஐயா. மெதுவாக.

தண்ணீர் வேண்டாம். நன்றாக இருக்கிறேன்.

சரியாக நான்கு வரி. பின்பக்கம் ஒன்றும் இல்லையே? இல்லை. ஐந்தாவது மாடி என்று சரியாகப் பிடித்திருக்கிறான். அந்த மெல்லிய இடம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அப்போது ஏசி ஓடியதோ என்னவோ.

இதை மறக்காமல் முதலாளியம்மாவிடம் சேர்த்துவிடுங்கள், கண்ணாடிப் பெட்டியில் ஆல்பத்துக்குக் கீழே ஒட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு நிமிடம் பேனா வேண்டும். 'மூணுதான் பாக்கி' என்பதை மட்டும் அடித்துவிடுகிறேன். ஒன்பதையும் கேட்டுவிட்டானே.