இரண்டாவது பொட்டலம்

எங்கள் பசுமை எழில் நகரில் பசுமையும் இல்லை, எழிலும் இல்லை. முகப்பில் ஒரு வளைவு மட்டும் உண்டு. அதைத் தாண்டினால் இருபத்தேழு வீடுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சொந்தக்காரர் பெயரும் பட்டமும் கருங்கல்லில் பொறித்திருக்கும். செத்த பிறகு கல்லறையில் எழுத வேண்டியதை எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொள்கிறார்கள்.

என் பெயர் குணசீலன். வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். அரண்மனைத் தூண் வேண்டுமென்று கேட்டவர்களுக்குத் தூண் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தூண் எதையும் தாங்கவில்லை என்று சொன்னதில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. இன்ஸ்பெக்டர் ஐயா இதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

என் வீடு பதினான்காம் மனை. இது சோளக்காடாக இருந்தபோது அங்கே ஒரு கிணறு இருந்தது. மனை பிரித்தவர்கள் கட்டட இடிபாடு, தென்னை மட்டை, கிழிந்த மெத்தை எல்லாவற்றையும் கொட்டி மூடினார்கள். நான் நின்று பார்த்தேன். அதனால்தான் எனக்குச் சல்லிசாகக் கிடைத்தது. பின்னறை கிணற்றின் மேல் வந்தது. வரைபடத்தில் கிணற்றைக் காட்டவில்லை. நேர்கோடுகளுக்கு நடுவே ஒரு வட்டம் வந்தால் பார்க்க நன்றாக இராது.

எட்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் வருஷம் ஐப்பசி மழையில் பின்னறைத் தரை நடுவில் ஒரு விரற்கடை இறங்கியது. அறை வாசற்படியில் வைத்த எலுமிச்சம்பழம் தானாக உருண்டு அறையின் நடுவில் போய் நின்றது. கட்டிலை முன்னறைக்கு மாற்றினேன். பின்னால் கொசு அதிகம் என்று மனைவியிடம் சொன்னேன். கொசுவும் இருந்தது. தரைக்குப் புது டைல்ஸ் ஒட்டி மட்டமாக்கினேன். பிறகு வீட்டை விற்க முடிவு செய்தேன். நியாயமான எந்த மனிதனும் செய்வதுதான்.

வாங்க வந்தவர் மோகன்குமார். திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி. தூரம் அளக்க சிவப்பு விளக்கடிக்கும் கருவி ஒன்று கொண்டுவந்தார். கூடவே ஒரு வாஸ்துக்காரர். வாஸ்துக்காரர் குளியலறைக் கதவைப் பார்த்து நீண்ட நேரம் வருத்தப்பட்டார். வில்லங்கச் சான்றை மூன்று முறை படித்தார்கள். கிணற்றுக்கு வில்லங்கச் சான்றில் இடமில்லை.

பின்னறைக்கு வந்ததும் மோகன்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு, நட்டநடுவில் குதிகாலால் ஓங்கி மிதித்தார்.

"ஆயிரத்தைந்நூறு போர் போட்டவன் சார் நானு. மிதிச்சாலே சொல்லிப்போடுவேன். அடியில முழுப் பாறைங்க. யானையக் கட்டலாம்."

வாஸ்துக்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஒருவருடைய தொழிலில் நான் குறுக்கிடுவதில்லை.

அவர் மனைவி சௌந்திரம் மட்டும் வாசற்படியிலேயே நின்றார்.

"ஏனுங்கண்ணா, இத்தன நல்ல ஊட்டை எதுக்குங்க விக்கறீங்க?"

வீடு பார்க்க வந்த ஒன்பது குடும்பங்களில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பெங்களூருக்கு மகள் கூப்பிடுகிறாள் என்றேன். அதுவும் உண்மை.

"கொற கிற இருந்தாச் சொல்லிப்போடுங்கண்ணா. தையல் மிஷினை இங்க போட்டுக்கிட்டுப் பகல் பூரா நானுதானுங்க உக்காரோணும்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கருப்பணார்கிட்டயே பூக் கேட்டுருங்கம்மா" என்றேன்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்கள் பெண் எடுப்பதோ நிலம் வாங்குவதோ எதுவானாலும் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. வேண்டாம் என்று சாமி ஒதுக்கிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை.

கருப்பணார் கோயில் எங்கள் நகரின் கடைசியில். பூசாரி மாதேஸ்வரன் விளக்கேற்றிவிட்டு, "சுத்தபத்தமா இருக்கறவங்க மடிச்சுக் குடுங்க. கேக்கறவங்களும் பூசாரியும் மடிக்கக் கூடாது" என்றார். சௌந்திரம் கணவரைப் பார்த்தார். மோகன்குமார் வானத்தைப் பார்த்தார்.

"வர்ற வழியில புரோட்டாவும் சிக்கனும் தின்னுபோட்டன்."

"வெள்ளிக்கெழமை கூடவா? வாயக் கட்டத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

"நா என்னத்தக் கண்டன்? ஊடு பாக்கத்தான வந்தம்."

வாஸ்துக்காரரும் அதே மேசையில் சாப்பிட்டவர். சுத்த சைவமாக அங்கே நின்றவன் நான் ஒருவன்தான். விற்கிறவனே பொட்டலம் மடிக்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வயிற்றை அவ்வளவு கவனமாகச் சோதிக்கிறவர்களுக்கு வேறெதையும் சோதிக்க நேரம் கிடைப்பதில்லை. என் வீட்டுச் செடியிலிருந்து நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துக்கொண்டு போய், வாழையிலைத் துண்டில் மடித்து, நூல் சுற்றிக் கொடுத்தேன்.

சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். பிரித்தால் வெள்ளை. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமியே சொல்லிருச்சுங்கண்ணா. இனி எனக்கு ஒரு பயமும் இல்ல" என்றார். வந்ததிலிருந்து அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. மற்ற பொட்டலத்தை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஐப்பசியில் ஏழு நாள் மழை. எட்டாம் நாள் வெயில் அடித்தது. பகல் பதினொரு மணிக்குப் பின்னறை கீழே போனது. டைல்ஸ், தையல் மிஷின், பாதி தைத்த ரவிக்கை, சௌந்திரம். தீயணைப்புக்காரர்கள் ஒன்றரை நாள் தோண்டி உடலைத்தான் எடுத்தார்கள். இடையில் மோகன்குமார் தன் ரிக் வண்டியையே வரவழைத்தார். அதிர்வில் மிச்சமும் சரியும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வண்டிக்குப் பின்னால் செருப்பில்லாமல் வளைவு வரை ஓடினார். கருங்கல் பெயர்களெல்லாம் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தன.

இரண்டாவது பொட்டலத்தைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதிலும் நந்தியாவட்டைதான். செவ்வரளியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். மடித்தது நான். மறைத்தது நான். அந்த அம்மாள் அங்கேதான் உட்காருவார் என்பதும் எனக்குத் தெரியும். எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் பொட்டலங்கள் கருப்பணார் காலடியில் முழுதாகக் கால் மணி நேரம் இருந்தன. அவருக்குச் சம்மதமில்லை என்றால் ஒரு பூவைச் சிவப்பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவரும் கேட்காததைச் சொல்லாதவர் என்று வைத்துக்கொண்டாலும், அவரிடம் கேட்டார்களே. குற்றவாளிகள் வரிசையில் அவரை முதலில் எழுதுங்கள். என்னை இரண்டாவதாகப் போட்டால் போதும்.