கட்டைவிரலும் நாற்பது வாத்துகளும்

எனக்கு வியாழக்கிழமைகள் பிடிக்கும். அன்றுதான் நீர்த்தேக்கத்தில் சோதனைக்குத் தண்ணீர் எடுப்போம். புட்டியை நிரப்பி மூடுவது என் வேலை. மூடியின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. பதினாறு வருடம் பட்டதில்லை.

போன சித்திரையில் தலைமை ஆய்வகத்திலிருந்து புதிய ஆய்வாளர் வந்தார். தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். "தண்ணி நல்லாருக்குங்க. இனி அடுத்த வருஷம்தான் வருவேன்," என்றார்.

ஒரு வருடம் ரொம்ப நீளம். தண்ணீரில் கிருமி இருந்தால் மட்டும் அவர் வாராவாரம் வந்தாக வேண்டும் என்பது விதி. விதியை நான் எழுதவில்லை.

அடுத்த வியாழன் கட்டைவிரலைச் செருப்பின் அடியில் தேய்த்து, மூடிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். அவ்வளவுதான்.

அவர் வந்தார். வாராவாரம் வந்தார். ஊரே தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது. அக்காதான் புலம்பினாள்.

"மூணு வாரமா அடுப்பு அணையாம எரியுதுடா! அந்தத் தண்ணியக் கெடுத்தவன் நல்லாருப்பானா?"

"விடுக்கா, அவனுக்கு என்ன கஷ்டமோ," என்றேன்.

பழி வாத்துகள் மேல் விழுந்தது. நீர்த்தேக்கத்தில் நீந்திய நாற்பதையும் லாரியில் ஏற்றி நாடு கடத்தினார்கள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். வாத்துகளோடு எனக்கு விரோதம் எதுவும் இல்லை.

பத்தாவது வாரம், "இன்னும் ஒரு தடவை கிருமி வந்தா என் வேலையே போயிடும்ங்க," என்று ஆய்வாளர் கண் கலங்கினார். கைக்குட்டை கொடுத்து ஆறுதல் சொன்னேன். பிறகு புட்டியை நிரப்பினேன். வழக்கம்போல.

பதினோராவது வாரம் அவரும் ஒரு புட்டி நிரப்பினார். அவருடையது சுத்தம், என்னுடையதில் கிருமி. முடிவு வந்ததும் ஓடிவந்தார்.

"கையக் குடுங்க."

கொடுத்தேன். என் கட்டைவிரலை மென்மையாகப் பிடித்து, ஈரப்பஞ்சால் துடைத்து, பஞ்சைக் குப்பியில் போட்டு மூடினார்.

"அந்த வாத்துங்க பாவம் உங்களச் சும்மா விடாது," என்றார்.

அக்கறை இல்லாதவர் இப்படி எச்சரிப்பாரா?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: விரல் என்னுடையது. பதினோரு வாரமும் இந்த ஊரில் ஒருவர்கூடக் காய்ச்சாத தண்ணீரைக் குடிக்கவில்லை. குடிநீரை இதைவிடப் பத்திரமாக யார் பாதுகாத்திருக்கிறார்கள்?

இந்தக் காவல் நிலையத்துத் தொட்டித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று காலையில் பேசிக்கொண்டீர்கள். பழகிய கை என்று நானே நிரப்பி, மூடி வைத்துவிட்டேன்.

வரும் வியாழன் அவர் இங்கே வருவார். அதற்குள் எனக்கு ஒரு சீப்பு கிடைக்குமா?